எந்த ஜீவாவுக்காக

அசிரவதி ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு நாள்தோறும் போய் நின்று, இறந்துபோன மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தாள் உப்பிரி. மகளின் பெயர் ஜீவா. உப்பிரி கோசல மன்னனின் மனைவியருள் ஒருத்தி என்கிறது இந்தக் கதைக்கான பழைய உரை. அந்தக் கரையில் அரசியாக இருப்பதால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. ஒருநாள் அங்கே வந்த புத்தர் அவளிடம் ஒன்று கேட்டார். ஜீவா என்ற பெயருடைய 84,000 பெண்கள் இதே சுடுகாட்டில் எரிந்திருக்கிறார்கள். அவர்களில் எந்த ஜீவாவுக்காக அழுகிறாய்?

பௌத்தப் பெண் துறவிகளின் பாடல்களைத் தொகுத்த தேரீகாதையில் மூன்றே பாட்டில் முடிந்துவிடுகிறது இந்தக் கதை. கடைசியில் உப்பிரியே பேசுகிறாள். நெஞ்சில் தைத்துக் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த அம்பு பிடுங்கப்பட்டுவிட்டது என்கிறாள்.

இழவு வீட்டுக்கு வந்து, "எல்லாரும் ஒருநாள் போகவேண்டியவங்கதானே" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் புத்தரின் கேள்வியும் அந்த ரகம்தான். எண்ணிக்கையைக் காட்டி ஒரு தாயின் வாயை அடைப்பது போலிருக்கும். ஆனால் அந்தக் கேள்விக்குள் அழாதே என்ற சொல் இல்லை. யாருக்காக என்பதுதான் இருக்கிறது. 84,000 ஜீவாக்கள் அங்கே எரிந்தார்கள் என்றால் அத்தனை ஜீவாக்களின் தாய்மாரும் அதே மணலில் நின்று அதே பெயரைச் சொல்லிக் கதறியிருக்கிறார்கள். தான் மட்டும் நிற்பதாக உப்பிரி நினைத்திருந்த இடத்தில் அவளுக்கு முன்பே ஒரு பெருங்கூட்டம் நின்றுவிட்டுப் போயிருக்கிறது. அம்பைப் பிடுங்கியது அந்தக் கூட்டத்தைப் பார்த்த கணம் என்றே நான் நினைக்கிறேன். பௌத்தம் துக்கத்துக்குச் சொல்லும் மருந்து முழுவதையும் இந்தக் கேள்விக்குள் வைத்துவிடலாம்.

டிசம்பர் வந்தால் இந்தக் கதையிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. ஆண்டு முடிவுக்கும் ஏக்கத்துக்கும் உள்ள உறவு வெறும் பழக்கத்தால் வந்ததென்று தோன்றவில்லை. அம்மா போனது ஓர் ஐப்பசி அடைமழையில். அதற்குப் பின் வந்த நவம்பரும் டிசம்பரும் அம்மா இல்லாத மாதங்கள்தாம்; ஆனாலும் அவை அம்மா இருந்த வருஷத்தின் மாதங்கள். யாராவது கேட்டால் 'இந்த வருஷம்தான்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஜனவரி பிறந்ததும் 'போன வருஷம்' ஆகிவிடுகிறது. அம்மா ஒருநாளும் எழுதிப் பார்த்திராத ஓர் எண்ணை இனி எல்லாக் கடிதங்களிலும் எழுதவேண்டும். சமையலறைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் பென்சிலால் சின்னச் சின்னதாக எழுதி வைத்திருந்தார்: பால் வராத நாள், கேஸ் வந்த நாள், அமாவாசைக்கு வாழையிலை சொன்னது. அக்டோபரோடு எழுத்து நின்றுவிடுகிறது. நகைக்கடைக்காரர்கள் கொடுத்த புதுக் காலண்டர் சுருட்டியபடியே மேசைமேல் கிடந்தது. ஆணி ஒன்றுதான் இருந்தது.

ஜப்பானியக் கோயில்களில் டிசம்பர் 31 இரவு மணியை 108 முறை ஒலிப்பார்கள். கியோத்தோவின் சியோன்-இன் கோயிலில் 1636இல் வார்த்த மணி ஏறக்குறைய 70 டன் எடை; 17 துறவிகள் சேர்ந்து கயிறு பிடித்து இழுத்து அதை அடிக்கிறார்கள். மனிதர்களைப் பிடித்தாட்டும் மனமாசுகள் 108, அடிக்கு ஒன்றாக அவை கழிகின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பல கோயில்களில் 107 அடியைப் பழைய ஆண்டிலும் கடைசி ஒன்றைப் புத்தாண்டு பிறந்த பிறகும் அடிப்பது வழக்கம். அந்தக் கடைசி அடி எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லாவற்றையும் நள்ளிரவுக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

பௌத்தம் துக்கத்தையே விலக்கச் சொல்லும் சமயம் என்று ஓர் எண்ணம் நம்மிடையே இருக்கிறது. ஆனால், தலைமைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் அடுத்தடுத்து இறந்துபோன பிறகு, கங்கைக் கரையில் உக்கசேலம் என்ற ஊரில் புத்தர் சங்கத்தாரோடு அமர்ந்திருக்கிறார். யாரும் பேசவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, அவர்கள் இருவரும் போனபின் இந்தச் சபை எனக்கு வெறுமையாகத் தெரிகிறது என்று சொல்கிறார். ததாகதருக்கு, அதாவது புத்தருக்கு, இதில் புலம்பலோ துயரமோ இல்லை என்பதையும் இந்தக் காட்சியைச் சொல்லும் சூத்திரமே சேர்த்துச் சொல்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதக்கூடாது. ஆனாலும் வெறுமை அவர் கண்ணில் பட்டது. இரண்டு பேர் உட்காரும் இடத்தில் இரண்டு பேர் இல்லை என்பதை அவர் பார்த்தார், பார்த்ததைச் சபையில் வாய்விட்டுச் சொன்னார். இதைவிட எனக்கு வேறு அனுமதி தேவைப்படவில்லை.

துக்கம் வரலாம். வந்ததை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அதற்கு மிகத் துல்லியமாகப் பதில் எழுதியவர் 5ஆம் நூற்றாண்டின் புத்தகோசர். காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்பவரோடு தங்கியிருந்ததைத் தம் உரையொன்றின் முடிவில் அவரே குறித்திருக்கிறார்; பிறகு அனுராதபுரத்து மகாவிகாரையில் அமர்ந்து விசுத்திமக்கம் என்ற நூலை எழுதினார். மைத்திரி (அன்பு), கருணை, முதிதை (பிறர் நலத்தில் மகிழ்தல்), உபேட்சை (சமநிலை) என்ற நான்கையும் மனத்தில் வளர்க்கும் முறையை அதன் ஒன்பதாம் அத்தியாயம் படிப்படியாகச் சொல்கிறது. சமையல் குறிப்பு எழுதுகிறவரின் பொறுமை அவருக்கு இருக்கிறது: யாரை முதலில் நினைக்கவேண்டும், யாரை முதலில் நினைக்கக்கூடாது, மனம் அடம்பிடித்தால் என்ன செய்வது. தன்னிடம் தொடங்கு. பிறகு மதிப்புக்குரிய ஒருவர். பிறகு நெருங்கிய அன்புக்குரியவர், பிறகு விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவர், கடைசியாகப் பகைவர். இந்த ஒழுங்குக்கு நடுவே ஒரு தடை வருகிறது. இறந்தவரை நோக்கி மைத்திரியை ஒருபோதும் வளர்க்காதே.

முதன்முதலாக இந்த வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். நான் அதைத் திறந்ததே அம்மாவுக்காகத்தான்.

தடைக்குக் காரணமாக அவர் ஒரு கதை சொல்கிறார். இளந்துறவி ஒருவர் தம் ஆசிரியரை நினைத்து மைத்திரி பயின்றுவந்தார். பழகிய பயிற்சிதான், ஆனால் திடீரென்று மனம் குவிய மறுத்தது. என்ன முயன்றும் நடக்கவில்லை. மூத்த தேரர் ஒருவரிடம் போய், எனக்கு நன்றாகக் கைவந்த பயிற்சி இது, இப்போது கூடவில்லை, என்ன காரணம் என்று கேட்டார். நீ யாரை நினைக்கிறாயோ அவரைத் தேடிப் பார் என்றார் தேரர். தேடியபோதுதான் ஆசிரியர் இறந்துவிட்டது தெரிந்தது. இளந்துறவி வேறொருவரை நினைத்துப் பயின்றார், கூடியது.

கதை இவ்வளவே. இதில் எனக்கு ஆச்சரியமானது, சாவுச் செய்தி அவருக்கு எட்டுவதற்கு முன்பே மனம் தட்டுத்தடுமாறியது என்பது. நீ நலமாக இரு என்று சொல்லும்போது அந்தப் பக்கம் நலமாக இருப்பதற்கு ஒருவர் வேண்டும். யாரும் இல்லாத பக்கம் நோக்கி அன்பைச் செலுத்தினால் அது எங்கும் போய்ச் சேராமல் செலுத்தியவரிடமே திரும்பி வந்து கனக்கிறது. அந்தக் கனத்தைத்தான் நாம் ஏக்கம் என்கிறோம். புத்தகோசர் இதைக் கொடுமைக்காகச் சொல்லவில்லை. மனம் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்று பார்த்து எழுதியிருக்கிறார். அவ்வளவு அன்பும் வீணாகாமல் இருக்க அதற்கு ஓர் ஆளைக் காட்டுகிறார். உயிரோடு இருக்கிற ஓர் ஆளை.

கருணையைப் பற்றி எழுதும்போது அவர் இன்னும் நுட்பமாகிறார். ஒவ்வொரு நற்பண்புக்கும் தூரத்துப் பகை ஒன்று, பக்கத்துப் பகை ஒன்று என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை. இது யாருக்கும் தெரியும். பக்கத்துப் பகை, இல்லறப் பற்றிலிருந்து எழும் துயரம். விரும்பியது கிடைக்கவில்லையே, கிடைத்தது போய்விட்டதே என்ற துயரம். இரண்டுக்கும் முகச்சாயல் ஒன்று. இரண்டிலும் கண் நனையும், இரண்டிலும் தொண்டை அடைக்கும். அதனால்தான் பக்கத்துப் பகை ஆபத்தானது; கருணையின் வேடத்தில் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். டிசம்பர் இரவுகளில் பழைய புகைப்படங்களை எடுத்துவைத்துக்கொண்டு அழுவது அம்மாமேல் இரங்குவதா, என்மேல் இரங்குவதா என்று பிரித்துப் பார்க்க எனக்கு இந்த ஒரு பாகுபாடு உதவியதுபோல் வேறெதுவும் உதவவில்லை. என்மேல் இரங்குவதில் தவறில்லை. அங்கேயே நின்றுவிட்டால் கருணை தொடங்கவே இல்லை என்று பொருள்.

இதே திருப்பத்தை நம்முடைய மணிமேகலைக் காப்பியம் இரண்டு தாய்மாரை வைத்துச் செய்து காட்டுகிறது. ஒருத்தி கோதமை. சாவத்தி நகரத்தில் இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சாவே நிகழாத வீட்டில் ஒருபிடி கடுகு கேட்டு அலைந்த கிசா கோதமியின் கதையை நாம் பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டிருக்கிறோம். புகார் நகரத்துக் கோதமை அவ்வளவு கேள்விப்படாதவள். அவள் மகன் சார்ங்கலன் தனியே சுடுகாட்டுக்குள் போய்ப் பேயைக் கண்டு நடுங்கி உயிர்விட்டான். கணவனுக்குக் கண் தெரியாது. நள்ளிரவில் மகனின் உடலைத் தழுவியெடுத்துக்கொண்டு போய்ச் சம்பாபதித் தெய்வத்திடம், என் உயிரை எடுத்துக்கொள், இவனை எழுப்பிக் கொடு, இவன் தகப்பனைப் பார்த்துக்கொள்வான் என்று கேட்கிறாள். உயிருக்கு உயிர் மாற்றித் தரமுடியுமானால் அரசர்களுக்காக உயிர்தர எத்தனையோ பேர் இருந்தார்களே, இந்தச் சுடுகாட்டில் அவர்களுக்கு எழுப்பிய நினைவிடங்கள் ஏன் இத்தனை இருக்கின்றன என்கிறாள் சம்பாபதி. கோதமை விடவில்லை. வேறு தேவர்களால் முடியும் என்று வேதம் சொல்கிறதே என்கிறாள். சக்கரவாளத்துத் தேவர்கள் அனைவரும் அழைக்கப்பட்டு அவள் முன்னால் வந்து நிற்கிறார்கள், முடியாது என்று சொல்வதற்காக. ஒரு தாயின் கேள்விக்காகத் தேவர் கூட்டம் முழுவதும் ஒரு சுடுகாட்டில் கூடிக் கைவிரிக்கிற காட்சி உலக இலக்கியத்தில் வேறெங்கும் இருக்கிறதா என்று எனக்கு ஐயம். கிசா கோதமி தெளிந்து துறவியாகிறாள். நம் கோதமை மகனை ஈமத்தில் இட்டுவிட்டுத் தானும் உயிர்விடுகிறாள். மணிமேகலையைப் பாடிய சாத்தனார் அதை மெழுகிப் பூசவில்லை.

இன்னொரு தாய் இராசமாதேவி. மகன் உதயகுமாரன் வெட்டுண்டு இறந்ததற்குக் காப்பியத்தின் நாயகி மணிமேகலைதான் காரணம் என்று நம்பி அவளைச் சிறையில் வைத்துச் சித்திரவதை செய்கிறாள்: மயக்க மருந்து, புழுக்கறை, பட்டினி. ஒன்றும் பலிக்காமல் கடைசியில் அரசி உடைந்து அழும்போது மணிமேகலை அவளிடம் ஒன்று கேட்கிறாள். நீ அழுவது மகனின் உடலுக்காகவா, உயிருக்காகவா? உடலுக்காக என்றால் அதை எடுத்துச் சுடுகாட்டில் இடச் சொன்னது யார்? உயிருக்காக என்றால் அது எங்கே போய்ப் பிறந்திருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஆகவே எந்த உயிரைக் கண்டாலும் நீ இரங்கியாக வேண்டும்.

கேள்வியின் முற்பாதி கடுமையானது. அழுகிற தாயிடம் அதை என்னால் கேட்க முடியாது. கேட்கக்கூடாது என்றும் நினைக்கிறேன். ஆனால் பிற்பாதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. மகனின் உயிர் எங்கோ இருக்கிறது, எந்த உருவத்தில் என்று தெரியாது. அப்படியானால் தெருவில் போகும் எந்தப் பிள்ளையும் அவனாக இருக்கலாம். மறுபிறவியை நம்பாதவருக்கும் இந்த வாதத்தின் உள்ளிருக்கும் திசைகாட்டல் விளங்கும்: உதயகுமாரனுக்கென்று வைத்திருந்த அன்பை இனி உதயகுமாரனுக்குக் கொடுக்க வழியில்லை, ஆனால் கொடுப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். புத்தகோசர் இளந்துறவியின் கதையில் சொன்னதைத்தான் சிறையில் நிற்கும் ஒரு பெண் தன்னை வதைத்த அரசியிடம் சொல்கிறாள். விசுத்திமக்கத்தின் ஒழுங்கில் பகைவர் கடைசிப் படி. மணிமேகலை அந்தப் படியில் நின்றுதான் பேசுகிறாள். அட்சயபாத்திரமான அமுதசுரபியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இந்த உரையாடலைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை.

அன்பைத் திருப்பிவிடுவது எப்படி என்பதற்கு மூச்சை வைத்து ஒரு முறை உண்டு. திபெத்தியர்கள் அதை டோங்லென் என்கிறார்கள். பிறர் துன்பத்தை மூச்சோடு உள்ளே வாங்கி, தன் நலத்தை மூச்சோடு வெளியே கொடுப்பது. தன்னையும் பிறரையும் மனத்தால் இடம் மாற்றிப் பார்க்கும் பயிற்சியை 8ஆம் நூற்றாண்டிலேயே நாலந்தாவின் சாந்திதேவர் போதிசர்யாவதாரத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். திபெத்துக்கு அது போன வழி கடல்வழி. வங்கத்தில் பிறந்த அதீசர் (982–1054) இந்தப் பயிற்சியின் ஆசானைத் தேடிக் கப்பலேறிச் சுவர்ணத்தீவுக்கு, அதாவது சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்துக்குப் போனார். அங்கே தர்மகீர்த்தி என்ற பேராசானிடம் 12 ஆண்டு பயின்றார் என்கிறது மரபு. பொன்தீவினர் என்ற பொருளில் திபெத்தியர்கள் அவரைச் செர்லிங்பா என்று அழைக்கிறார்கள். அந்தத் தர்மகீர்த்தி எழுதிய துர்போதாலோகம் என்ற உரைநூல் திபெத்திய மொழியில் எஞ்சியிருக்கிறது. அது ஸ்ரீவிஜயத்தில் சூடாமணிவர்மன் ஆட்சியில் எழுதப்பட்டதென்று அதன் முடிவுரை சொல்கிறது.

சூடாமணிவர்மன் நமக்குத் தெரிந்த பெயர். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் அவன் பெயரால் எழுந்தது. மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதை முடித்தான். ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை அந்த விகாரத்துக்குப் பள்ளிச்சந்தமாக விட்ட செய்தி லெய்டன் செப்பேடுகளில் உள்ளது. அந்த ராஜராஜனின் மகன் 1025இல் ஸ்ரீவிஜயத்தின்மேல் படையெடுத்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதீசர் ஏறக்குறைய அந்த ஆண்டுகளில்தான் ஊர் திரும்புகிறார். பிறர் துயரை மூச்சில் வாங்கும் கலையைக் கற்பித்த ஆசானின் அரசன் பெயரால் ஒரு பள்ளி நாகையில் இருந்தது. விகாரத்தைச் சேர்ந்ததாகக் கருதப்பட்ட செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த நூற்றுக்கணக்கான புத்தர் செப்புத் திருமேனிகளில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அதீசருக்கு முன்னும் பின்னும் இந்தப் பயிற்சி பெரும்பாலும் இரகசியமாகவே கைமாறியது. 12ஆம் நூற்றாண்டில் செகாவா என்ற ஆசிரியர்தான் அதை எல்லாருக்கும் திறந்து, ஏழு பகுதிகளாக எழுதிவைத்தார். அவர் அதைத் தொழுநோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார் என்றும், அதனால் சிலகாலம் அதற்குத் தொழுநோயாளிகளின் தர்மம் என்றே பெயர் இருந்தது என்றும் மரபு சொல்கிறது. ஊர் ஒதுக்கிவைத்தவர்களுக்குக் கைகொடுத்த பயிற்சி என்பதை நினைவில் வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

செய்முறையில் சிக்கல் ஒன்றுமில்லை. உட்கார்ந்து, மூச்சு தானாக வந்துபோகும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு உள்ளே இழுக்கும் மூச்சில் கனமும் சூடும் இருளும் வருவதாகவும், வெளிவிடும் மூச்சில் குளிர்ச்சியும் வெளிச்சமும் போவதாகவும் பழக வேண்டும். வாங்குவதை உன்னிடமிருந்தே தொடங்கு என்பது செகாவாவின் அறிவுரை. ஆகவே முதலில் வாங்குவது சொந்தத் துக்கம். அம்மாவின் இருமல் கேட்காத விடியற்காலை, இரண்டு டம்ளர் எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைத்தது, இப்படி எது கைக்கு வருகிறதோ அது. அதை விலக்காமல், அதிலிருந்து ஓடாமல், ஒரு மூச்சளவு உள்ளே விடுவது. இதுவரை செய்வது நாம் வழக்கமாகத் துக்கப்படுவதைப் போன்றதுதான். அடுத்த அடியில்தான் எல்லாம் மாறுகிறது. இதே விடியற்காலையில் இதே மாதிரி விழித்துக் கிடக்கிற இன்னொருவரை நினைக்க வேண்டும். தெரிந்த ஒருவர், உயிரோடு இருக்கிற ஒருவர். அவருடைய கனத்தையும் என்னுடையதோடு சேர்த்து உள்ளே வாங்கி, எனக்கு வேண்டியிருந்த ஆறுதலை அவருக்கு அனுப்ப வேண்டும். பிறகு வட்டத்தை விரிக்கலாம்: இந்த ஆண்டு தாயை இழந்த எல்லாரும். இந்தக் காலத்துப் பௌத்த ஆசிரியர்களில் பெமா சோட்ரன் இந்த அடுத்த அடியைத்தான் திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறார்.

நான் நினைத்துக்கொண்டது ஒரு மீன்காரம்மாவை. நாகைக் கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து கூடையோடு திருவாரூருக்கு வந்து எங்கள் தெருவில் விற்பவர். அம்மாவும் அவரும் விலை பேசுவதைக் கேட்டால் சண்டை என்றே தோன்றும். பேசி முடித்ததும் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். அவருடைய மகளைக் கடல் கொண்டுபோனது.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் கூட்டம் நிறைந்திருந்தது. இலங்கையில் அன்று உந்துவப் போயா, சங்கமித்தை போதிக் கிளையோடு வந்திறங்கியதை நினைவுகூரும் பௌர்ணமி. தமிழ்நாட்டில் அன்றைய சுனாமியில் இறந்தவர்கள் ஏறக்குறைய 8,000 பேர். அவர்களில் 6,000 பேருக்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். பெண்களும் குழந்தைகளும் மிகுதி. குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த தாய்மார்களுக்கு மறுபடி குழந்தை பெறுவதற்கான அறுவைச் சிகிச்சையை அரசே இலவசமாகச் செய்து தந்தது. அந்த ஓர் ஏற்பாட்டில் எத்தனை வீடுகளின் ஏக்கம் இருக்கிறதென்று நினைத்துப் பார்க்க வேண்டும். இன்றும் அந்த நாளில் படகுகள் கடலுக்குப் போவதில்லை. கரையில் நின்று பாலும் பூவும் ஊற்றித் திரும்புகிறார்கள். கடற்கரையோர ஊர்களுக்கு ஆண்டு முடிவு டிசம்பர் 31 அல்ல. அது ஐந்து நாள் முன்னதாகவே வந்துவிடுகிறது.

அம்மா போன பிறகு அவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். கூடையை இறக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்றிய தம்பி?"

"தங்கச்சி வந்து போய்க்கிட்டு இருக்கா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மகளைப் பற்றிப் பேசினார். முதல் இரண்டு மூன்று வருஷம் அந்த வயதுப் பிள்ளைகளைக் கண்ணால் பார்க்க முடியவில்லையாம். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்தத் தெருப் பக்கமே போகமாட்டாராம். பிறகு எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, சுற்றுப்பட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எது என்று கேள்விப்பட்டாலும் போய்விடுகிறார்.

"போயி என்ன பேசுவீங்க?"

"பேச என்ன தம்பி கெடக்கு. உக்காந்துட்டு வருவன். என்னயப் பாத்தா அந்தப் பொண்ணு அழுவும். நானும் அழுவன். அப்பறம் ஒரு வாய்த் தண்ணி குடிக்க வச்சுட்டு வந்துருவன்."

படாசாராவின் நினைவு வந்தது. கணவன், இரண்டு குழந்தைகள், பெற்றோர், உடன்பிறந்தவன் என்று எல்லாரையும் ஒரே வீச்சில் இழந்து, உடுத்தியிருந்ததும் தெரியாமல் அலைந்தவள். பின்னாளில் துறவியான அவளைத் தேடிப் பிள்ளைகளை இழந்த பெண்கள் வந்தார்கள். அவள் பேச்சில் தேறிய தாய்மாரை ஐந்நூறு என்று எண்ணிக் குறிக்கிறது தேரீகாதை. துக்கத்தைப் பற்றி நன்றாகப் பேசக்கூடிய துறவியர் அந்தச் சங்கத்தில் வேறு எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இவர்கள் தேடிப் போனது படாசாராவை.

மீன்காரம்மா எந்த நூலையும் படித்தவரில்லை, அவருக்கு அது தேவையும் இல்லை. புத்தகோசரும் செகாவாவும் எழுதிவைத்திருக்கிற வழியில் அவர் நடந்தே போயிருக்கிறார். உட்கார்ந்து மூச்சை எண்ணுகிற என்னுடையது அந்த நடைக்கு ஒத்திகை. ஒத்திகைக்கும் மதிப்பு உண்டு. இழவு வீட்டு வாசலில் கால் தயங்காமல் இருப்பதற்கு அது பயன்படுகிறது என்பதை நான் கண்டிருக்கிறேன்.

எல்லா நாளும் கூடிவருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில இரவுகளில் உள்ளே வாங்கிய கனம் வெளியே போக மறுத்து நெஞ்சிலேயே தங்கிவிடும். பக்கத்துப் பகை வந்துவிட்டது என்று அப்போது புரிந்துகொள்ள வேண்டும். புதிதாக யாரையாவது பறிகொடுத்தவர்கள், முதல் நாற்பது நாளுக்குள் இருப்பவர்கள், இதைச் செய்யவே வேண்டாம் என்பது என் எண்ணம். அவர்களுக்குத் தேவை தூக்கமும், சாப்பிட வைக்கிற ஒரு கையும், கூட இருக்கிற ஆளும். எந்தத் துக்கத்திலும் வீட்டைவிட்டு வெளியேற முடியாமல், எழுந்து குளிக்கக்கூட முடியாமல் ஆகிவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். தியானம் அங்கே மாற்று அல்ல. இதை வெளிப்படையாகச் சொல்லாத ஆன்மிக எழுத்தின்மேல் எனக்குக் கோபம் உண்டு.

உப்பிரிக்கு நேர்ந்ததுபோல் எனக்கு அம்பு பிடுங்கப்படவில்லை. அது இருக்கிறது. ஆனால் அதன் வலியை வைத்துக்கொண்டு இன்னொருவர் வலியை அறிய முடிகிறது, டிசம்பரில் வேறெந்த மாதத்தையும்விடத் தெளிவாக.

பிறகு, அம்மாவுக்கு ஒன்றுமே செய்யக்கூடாதா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பிள்ளையின் மனம் மைத்திரியைப் பற்றிய தடையோடு சமாதானமாகிவிடாது. மரபு அதற்கும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. திரோகுட்ட சூத்திரத்தில் இறந்தவர்கள் தாங்கள் வாழ்ந்த வீட்டுச் சுவருக்கு வெளியேயும் வாசற்காலோரத்திலும் வந்து நிற்கிறார்கள். நம் அழுகையும் புலம்பலும் அவர்களைச் சேராது, அவர்களை நினைத்துப் பிறருக்குக் கொடுப்பது மட்டும் சேரும் என்கிறது சூத்திரம். பிம்பிசார மன்னன் தானம் கொடுத்துவிட்டு அதை உறவினருக்கென்று சொல்லாததால், இரவெல்லாம் அவர்கள் கதறுவதைக் கேட்டு நடுங்கினான்; மறுநாள் அவர்களுக்கென்று சொல்லிக் கொடுத்தபோது அமைதி வந்தது என்கிறது உரை. இங்கேயும் வழி அதே வழிதான்: இறந்தவரிடம் போவதற்கு உயிரோடு இருப்பவரின் வயிற்றைக் கடந்துதான் போக வேண்டும்.

தங்கையும் நானும் இந்த டிசம்பர் 31 அன்று ஊருக்கு வெளியே இருக்கிற முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு போடுவதாக முடிவு செய்திருக்கிறோம். அம்மா செய்கிற மாதிரி புளிக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் பாயசமும். யார் பேரில் என்று எழுத அங்கே ஒரு பலகை உண்டு. தங்கை தொலைபேசியில் அம்மாவின் பெயரைச் சொல்லி எழுத்தை உறுதிப்படுத்திக்கொண்டிருந்தபோது, இன்னொரு பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னேன். மீன்காரம்மாவிடம் முன்பே கேட்டுவிட்டேன். முதலில் எதற்கு என்றார். பிறகு சரி என்று சொல்லி, எட்டு வயசுன்னு போடச் சொல்லு தம்பி, வயசையும் போடச் சொல்லு என்றார்.